ஹாஜியாரின் பழைய லாம்பில் எத்தனை போட்டோன்?

பௌதிகம் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் முதலில் ஒரு கேள்வி. உங்கள் மேசைமேல் எரிகிற விளக்கு ஒரு செக்கனுக்கு, அதாவது ஒரு நொடிக்கு, எத்தனை போட்டோன்களை வெளியே விடுகிறது?

கணிப்பானைத் தட்டுவீர்கள், தெரியும். எட்டு இலக்கம் வரும். எட்டையும் கரும்பலகையில் எழுதுவீர்கள், பிள்ளைகளும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்ளும். அந்த எட்டில் எத்தனை இலக்கத்துக்குச் சத்தியம் பண்ணுவீர்கள் என்று நான் கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். என் கோபம் ஊரறிந்தது. அது மூக்குக்கு மேல் ஏறுவது இந்த இடத்தில்தான். ஆனால் இன்றைக்குத் திட்டப்போவதில்லை. ஓய்வு பெற்றவள் திட்டினால் யார் பயப்படுவார்கள்? அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒளி தண்ணீர்போல ஒழுகி வருவதில்லை, அரிசிபோல மணி மணியாக வருகிறது. அந்த மணிதான் போட்டோன். விளக்கு ஒரு செக்கனில் ஒளியாக விடும் சக்தியை ஒரு மணியின் சக்தியால் வகுத்தால் எண்ணிக்கை கிடைக்கும். வகுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மேலே வைக்கிற எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் சங்கதி.

அறுபதுகளின் கடைசியில் மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் அந்த ஊர்க்காரிதான். கோயில் தெருவில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, மறுபடியும் அதே தெருவுக்கு வந்து சேர்ந்தவள். என் வகுப்பில் மொத்தமே நான்கு பேர். மூன்று பையன்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் ரஹீமா. கெட்டிக்காரி என்று சொன்னால் போதாது. கேள்வி கேட்டால் விடையைச் சொல்லிவிட்டு, "இது சரியான்னு எப்படி டீச்சர் பாக்கிறது?" என்று திருப்பிக் கேட்கும் பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று கிடைத்தால் சம்பளமே இல்லாமல்கூட வேலை பார்க்கலாம். இதை அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ரஹீமாவின் வாப்பா பிரதான வீதியில் லாம்பு வாடகைக்கு விடுகிறவர். கலியாண வீடு, சாவு வீடு, கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி எல்லாவற்றுக்கும் பெட்ரோமக்ஸ் அவரிடமிருந்துதான் போகும். ஊரில் எல்லாருக்கும் அவர் லாம்பு ஹாஜியார். கடைப் பலகையில் 'எல்லா லாம்பும் முந்நூறு கேண்டில் வெளிச்சம்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முந்நூறு மெழுகுதிரி சேர்ந்து எரிந்தால் வருகிற வெளிச்சம் என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பள்ளித் தவணை முழுக்க ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நான்கு பேருக்கு ஒரு வகுப்பா, இழுத்து மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கண்டிக்கு அனுப்பினால் என்ன என்று மேலே யோசிக்கிறார்கள் என்று. பையன்கள் கவலைப்படவில்லை. கண்டி என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். நான் ரஹீமாவை நினைத்துக்கொண்டு ஹாஜியாரின் கடைக்குப் போனேன்.

"டீச்சர், நீங்க இங்க படிச்சுக் குடுக்கிற வரைக்கும் அவ படிக்கட்டும். நான் ஒண்ணும் தடுக்க மாட்டேன்" என்றார். "கண்டிப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க. கண்ணுக்கு எட்டாத தூரத்துல பொம்புளப் புள்ள என்ன செய்யிது, எங்க போகுதுன்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா? வகுப்ப மூடினா வீட்டோட இருக்கட்டும்."

குரலில் கடுமையே இல்லை. அதுதான் எனக்குச் சிக்கல். கத்துகிற ஆளோடு நானும் கத்திவிடுவேன். சாந்தமாக மறுக்கிறவரை என்ன செய்வது?

ஆக, வகுப்பு நின்றால் ரஹீமாவின் படிப்பும் நின்றது. கல்வி அதிகாரி ஒருவர் கண்டியிலிருந்து வந்து என் பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று அறிவித்தார்கள். போட்டோன் கணக்கையே எடுப்பது என்று தீர்மானித்தேன். புதிய பாடம், கண்ணுக்குப் பகட்டாகவும் இருக்கும். மின்குமிழில் அறுபது வாட் என்று அச்சடித்திருக்கும். அதில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும் என்றாலும், ஒளியாக வருவது எவ்வளவு என்று புத்தகத்தில் கொடுத்திருப்பார்கள். எடுத்துப் போட்டு வகுத்தால் விடை. அறையை இருட்டாக்க ஜன்னல்களில் தொங்கவிடச் சாக்கு வேண்டியிருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டேன், மிளகு மூட்டை கட்டிய சாக்குகளைக் கொடுத்தார்கள். மாத்தளையில் வேறு என்ன சாக்கு கிடைக்கும்?

அதிகாரி மரியாதையான மனிதர். வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத கைக்குட்டை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் மிளகுத் தூசி மூக்கில் ஏறி முதல் தும்மல் போட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் மின்குமிழின் சுவிட்சைப் போட்டு, "இந்த பல்புல..." என்று தொடங்கியதும் ஒரு இடி. கரண்ட் போய்விட்டது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. சாக்கைக் கழற்றிப் பார்த்தோம். வானமே கறுத்துக் கிடந்ததால் கரும்பலகை தெரியவில்லை. அப்போது ரஹீமா மெதுவாக, "வாப்பாக்கிட்ட சொல்லி லாம்பு எடுப்பமா டீச்சர்?" என்றாள். பியூன் குடையோடு ஓடினார்.

லாம்பைக் கொடுத்தனுப்பாமல் ஹாஜியாரே வந்தார். தன் லாம்பில் இன்னொருத்தர் கை வைக்க அவர் விட்டதே இல்லை. வரும்போது இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது அவர் தொழிலின் வழக்கம், ஒரு லாம்பைத் தனியாக எங்கேயும் கொண்டுபோக மாட்டார். மாப்பிள்ளை வந்து இறங்குகிற நேரத்தில் ஒன்று அணைந்தால் மற்றது கைகொடுக்க வேண்டும். ஒன்று கடைக்கு வந்து கொஞ்ச நாளான புத்தம் புதியது. மற்றது வருஷக்கணக்காக உழைத்த பழையது. புதியதைச் செலவழிப்பானேன் என்று பழையதைப் பற்றவைத்தார். பம்ப் அடிக்க அடிக்க அது சீறிக்கொண்டு வெளுத்தது.

அறை வெளிச்சமானதும் அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சரி டீச்சர், பல்பு போயிருச்சு. இந்த லாம்புல இருந்து எத்தன போட்டோன் வருது? இதுல வாட் ஒண்ணும் எழுதலயே" என்றார்.

கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே அறிய விரும்பினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்குமுன் ஹாஜியார் முந்திக்கொண்டார்.

"முந்நூறு கேண்டில், சேர். பலகையிலயே போட்டிருக்கு."

நான் தப்பித்திருக்கலாம். முந்நூறு என்று வைத்துக்கொண்டு கணக்கைச் செய்து முடித்திருக்கலாம். ஆனால் ரஹீமா எழுந்துவிட்டாள். "அளந்து பாப்பமா டீச்சர்? வடைத் தாள் இருக்கு."

வடைத் தாள் எங்கள் வகுப்பின் சொந்த உபகரணம். எண்ணெய்ப் பொட்டு விழுந்த தாளை இரண்டு விளக்குக்கு நடுவில் பிடித்தால், அதிக வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கப் பொட்டு கறுப்பாகத் தெரியும். மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இரண்டு பக்க வெளிச்சமும் சமமாக வந்து விழுந்தால் பொட்டு கரைந்து காணாமல் போகும். அப்போது இரண்டு விளக்கின் தூரத்தையும் அளந்து, ஒவ்வொன்றையும் அதாலேயே பெருக்கிப் பார்த்தால் எது எத்தனை மடங்கு என்று சொல்லிவிடலாம். இதற்கென்று செய்த கருவி எங்களிடம் இல்லை. உளுந்து வடை சுற்றி வந்த தாள் இருந்தது. அந்தத் தாளை வீசாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் சொன்னபடி வைத்திருந்தார்கள். வடையைத்தான் எனக்கு வைக்கவில்லை.

சாக்குகளை மறுபடியும் தொங்கவிட்டோம். அதிகாரி இரண்டு முறை தும்மினார். மேசைகளை ஓரம் தள்ளினோம். ஒரு பையன் தாளைப் பிடித்தான், தாளுக்கு ஒரு பக்கம் ஓரடி தூரத்தில் மெழுகுதிரி. மறுபக்கம் ஹாஜியாரே லாம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தார். அவருக்கு விளையாட்டாக இருந்தது. பொட்டு மறைந்த இடத்தில் ரஹீமா, "நில்லுங்க வாப்பா" என்றாள். அடிக்கோல் வைத்து அளந்தோம்.

"பதினாலு அடி" என்றாள். "பதினாலு பதினாலு நூத்தித் தொண்ணூத்தாறு. லாம்பு கிட்டத்தட்ட இருநூறு மெழுகுதிரி."

ஹாஜியார் லாம்பைக் கீழே வைத்தார். "முந்நூறு மகள்."

"இருநூறுதான் வருது வாப்பா."

"அப்ப மெழுகுதிரி சரியில்ல. எந்தக் கடையில வாங்கினீங்களோ."

அவர் சொன்னதும் நியாயம்தான். கடை மெழுகுதிரி சரியாக ஒரு கேண்டில் கொடுக்கும் என்று யார் சொன்னது? ஆனால் அவர் முகத்தில் விளையாட்டு இல்லாமல் போயிருந்தது. அதிகாரி முன்னால், தலைமையாசிரியர் முன்னால், அவர் மகளே அவருடைய பலகையைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். "இருநூறுன்னாலும் முந்நூறுன்னாலும் போட்டோன் எண்ணிக்கையில பின்னால வர்ற பூச்சியம் கூடாது குறையாது, சுழி மாறப்போறதில்ல. முந்நூறுன்னே வச்சுக் கணக்க முடிச்சிடுங்க. என்ன டீச்சர்?"

என்ன டீச்சர் என்று என்னிடம் கேட்டுவிட்டார். தம்பி தங்கைகளே, இந்த ஒரு இடத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அவர் சொன்னது தப்பில்லை, சுழி மாறாது. ஹாஜியாருக்கும் மனம் குளிரும். அந்தப் பிள்ளையைப் படிக்கவிடுவதும் வீட்டோடு வைத்துக்கொள்வதும் அவர் கையில்தான் இருந்தது. 'ஆமாம் சேர்' என்ற இரண்டு சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரஹீமாவைப் பார்த்தேன். அவள் வாப்பாவையும் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே பயம். 

"அளந்தவ அவ, சேர். அவளே சொல்லட்டும்" என்றேன்.

ரஹீமா நிமிர்ந்தாள். "வாப்பா சொல்ற மாதிரி மெழுகுதிரி மோசமா இருக்கலாம். அப்படின்னா மெழுகுதிரியை விட்டுருவோம் டீச்சர். அந்தப் பக்கம் புது லாம்ப வச்சுப் பாப்பம்."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். "பாருங்க" என்றார், ஒரே சொல். புது லாம்பைத் தானே பற்றவைத்தார். பழையதற்குத் தேவைக்கு மேலேயே பம்ப் அடித்தார். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தும் விட்டார். நடுவில் தாள், ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது. பழையதைக் கிட்டக் கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பொட்டையே பார்த்தோம். அது மறையும் நேரம் பார்த்து அதிகாரி தும்ம, தாள் ஆடிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் பொட்டு கரைந்தது.

"பழசு ஒன்பது அடி, புதுசு பதினொரு அடி" என்று அளந்த பையன் சொன்னான்.

ரஹீமா கரும்பலகையில் எழுதினாள். "எண்பத்தொண்ணு, நூத்தி இருபத்தொண்ணு. மூணுல ரெண்டு பங்கு." சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள். "புதுசு முந்நூறுன்னா பழசு இருநூறுதான் வாப்பா."

 லாம்பு இரண்டும் சீறிக்கொண்டிருந்தன. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

மிச்சக் கணக்கைப் பிள்ளைகள் செய்தார்கள். ஒரு மெழுகுதிரி எல்லாத் திசைக்கும் விடும் ஒளியின் சக்தி, அதை ஒரு போட்டோனின் சக்தியால் வகுத்து, இருநூறால் பெருக்கினால், ஒன்றுக்குப் பின்னால் பத்தொன்பது சுழி. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுழி போட்டார்கள். ஹாஜியார் அதை வாய்க்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "இதுல எந்த எண்ணுக்கு நீங்க சத்தியம் பண்ணுவீங்க மகள்?"

"பத்தொன்பது சுழிக்குப் பண்ணலாம் சேர். முன்னால இருக்கிறது ஒண்ணா, ஒண்ணரையா, ரெண்டான்னா மெழுகுதிரியைத்தான் கேக்கணும்" என்றாள் ரஹீமா. பிறகு சேர்த்துச் சொன்னாள்: "பழைய லாம்பு புது லாம்பு அளவுக்கு இல்லங்கிறதுக்குப் பண்ணலாம்."

இப்போது நீங்கள் அதிகாரி எழுந்து கைதட்டி வகுப்பைக் காப்பாற்றினார் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. நல்ல பாடம் என்றார், மனதார என்னைப் பாராட்டினார். பிறகு, "ஆனா நாலு பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்ப நடத்தச் சொல்லி என்னால எழுத முடியாது டீச்சர். அடுத்த தவணையில இருந்து இவங்க கண்டிக்குத்தான் போகணும். நான் வரும்போதே முடிவாயிருச்சு" என்றார். அப்படியானால் எதற்கு ஐயா தும்மத் தும்ம உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்டிருப்பேன். அதற்குள் பிள்ளைகள் பக்கம் கண் போய்விட்டது. ரஹீமா தாளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மறுபடி மடித்தாள்.

ஹாஜியார் எழுந்து புது லாம்பின் காற்றைத் திறந்துவிட்டார். அது உஸ்ஸென்று அணைந்தது. பழையதை எரியவிட்டார்.

"சேர், கண்டியில எந்த ஸ்கூல்?"

அதிகாரி பெண்கள் பாடசாலை ஒன்றின் பெயரைச் சொன்னார்.

"கட்டுகஸ்தோட்டையில இவட சாச்சி வீடு இருக்கு. அங்க இருந்து பக்கம்தானே?"

பக்கம்தான் என்றார் அதிகாரி. என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "ஹாஜியார், நீங்கதானே கண்டிப் பேச்சே வேணான்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். சும்மா இருக்கத் தெரியாத வாய்.

"சொன்னேன் டீச்சர். தூரத்துல என்ன செய்யிதுன்னு யாரு வந்து சொல்லுவான்னு கேட்டேன்." மகளைப் பார்த்தார். "எண்ட லாம்பப் பத்தி எனக்கு முன்னாலயே மறைக்காத புள்ள. இனி வேற யாரும் வந்து சொல்லணுமா? அவளே சொல்லுவா."

ரஹீமா அப்போதுதான் அழுதாள். மிளகுத் தூசி என்று சொல்லிக்கொண்டாள். மிளகுத் தூசி தும்மலைத்தான் கொண்டுவரும் என்று பையன்களில் ஒருவன் சொல்லி என்னிடம் குட்டு வாங்கினான்.

என் வகுப்பு போனது போனதுதான். அடுத்த தவணையிலிருந்து எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் பொது விஞ்ஞானமும் எடுத்தேன். சில நாள் தலைமையாசிரியரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவர்மேல் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும். ரஹீமா திங்கட்கிழமைகளில் காலை ரயிலில் போய் வெள்ளிக்கிழமை வருவாள். வந்ததும் வராததுமாக என் வீட்டுக்கு வந்து அந்த வாரக் கணக்கைக் காட்டுவாள். அங்கே நிஜமான ஒளிமானி இருக்கிறதாம், வடைத் தாள் அளவுக்கு நன்றாக இல்லையாம்.

சுழி மாறாது என்று தெரிந்த இடத்தில்தான், தம்பி தங்கைகளே, 'பரவாயில்லை' என்று சொல்ல ஆசை வரும். அந்த இடத்தில் உங்களிடமும் ஒருத்தர் 'என்ன டீச்சர்', 'என்ன சேர்' என்று கேட்பார். மற்றதையெல்லாம் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த தேர்த் திருவிழாவுக்குக் கோயில் காரியமாக ஹாஜியாரின் கடைக்குப் போயிருந்தேன். பலகையில் 'எல்லா லாம்பும்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது. எனக்கு முன்னால் யட்டவத்தையிலிருந்து கலியாணத்துக்கு லாம்பு எடுக்க வந்த ஒருத்தர் நின்றார். ஹாஜியார் இரண்டு லாம்பை அவர் முன்னால் வைத்தார்.

"இது முந்நூறு கேண்டில். இது இருநூறு, வாடகையும் குறைவு" என்றார்.

வந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு. இருநூறுன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஹாஜியார் என்னைப் பார்க்காத மாதிரி லாம்பின் கண்ணாடியைத் துடைத்தார்.

"எண்ட மகள் அளந்தது" என்றார்.